போட்டோ எடுக்காத ஒன்று

காஸ் குமிழைத் திருகி மூடிவிட்டு அதைக் கைபேசியில் படம் எடுக்கிறாள் ஷபீனா. அடுத்து இஸ்திரிப்பெட்டி ஸ்விட்ச். பிறகு வாசல் பூட்டு. மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் தன் பிளவுஸ் கடைக்குப் போகும் வழியில் நின்று எல்லாப் படங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். "பூட்னது எனக்குத் தெரியும்க்கா. ஆனா எனக்குத் தெரியும்ன்றத நான் நம்ப மாட்டேன்." அறிவின் எல்லைகளைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதியவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் சுற்றி வளைத்து.

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே அளவெடுப்பாள். "மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க மேடம், கல்யாணத்துல வுட்டுத்தானே ஆவணும்!"

சமீபத்தில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். மாதவிடாய் நாட்களில், வெளியே நூல் தொங்கும் பஞ்சுச் சுருளான டாம்பனை உள்ளே வைத்துக்கொண்டு நீந்தலாம் என்று பயிற்சியாளர் மெட்டில்டா சொல்லிக்கொடுத்தார். மாதவிடாய் முடிந்து சில நாள் கழித்து, இரண்டு வீடு தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, ஒண்ண எடுத்தேன். இன்னொண்ண எடுத்தேனா?"

"போட்டோ இல்லையா?"

"இதுக்குப் போயி இன்னா போட்டோ எடுக்கறது! ஒரு மாதிரி வாடை வேற வருதுக்கா. மேல ஏறி வயித்துக்குள்ள போயிடுமா?"

"போகாது, வழி கிடையாது. கையக் கழுவிட்டு, குந்தி உக்காந்து விரலால பாத்தியா?"

"பாத்தேன். நூலு கெடைக்கல. இருக்கற மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது." அவள் கையில் ஓவர்லாக் தையல் மெஷினுக்கு நூல் கோக்கும் இடுக்கி இருந்தது. பிடுங்கி வைத்தேன்.

"இத வச்சுக் கிளறவே கூடாது. எட்டலன்னா டாக்டர்தான். காய்ச்சல், வாந்தி, தலைசுத்தல் இருக்கா?"

"இல்ல."

"இருந்தா நேரா எமர்ஜென்சிக்கே போகணும். இல்லன்னாலும் இப்பவே கிளம்பு. உள்ளயே விட்டா சீழ் புடிக்கும்."

நானும் கூடப் போனேன். மருத்துவமனை வரவேற்பில் அவள் பக்கத்துக் கடைக்காரர் கிபாயத்துல்லா உட்கார்ந்திருந்தார். "இன்னா ப்ராப்ளம் மேடம்?" என்று சத்தமாகக் கேட்டாள் வரவேற்புப் பெண். ஷபீனா அவரைப் பார்த்தாள்.

"காது வலி."

காது டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"கொஞ்சம் கீழ டாக்டர்."

வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார்.

"இன்னும் கீழ டாக்டர்."

அவர் புரிந்துகொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, மாடியில் இருந்த பெண் மருத்துவரிடம் அனுப்பினார். "சாட்சிக்கு வாங்கக்கா" என்று என்னையும் உள்ளே இழுத்துப்போனாள். படுக்கையில் என் விரல்களை நெரித்தபடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இருக்கும்மா. ரெண்டாவது வைக்கும்போது மொதல் ஒண்ணு உள்ள தள்ளிப் போயிருக்கு. நெறைய பேருக்கு நடக்கிறதுதான். வந்தது நல்லது. இனிமே காய்ச்சல் வந்தா மட்டும் உடனே வந்துடுங்க."

நர்ஸ் மூக்கைச் சுளிக்காமல் ஃபேனைக் கூட்டினாள். டாக்டரின் இடுக்கி நுனியில் அது தொங்கியது. ஷபீனா முழங்கையை ஊன்றி எழுந்து அதை உற்றுப் பார்த்தாள். பிறகு, போர்வையைக்கூட இழுத்துக்கொள்ளாமல், வலது கையை நெற்றிக்கு உயர்த்தி அதற்கு ஒரு சலாம் வைத்தாள்.