பெயர் மாறிய விமானம்

மகளே, போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டாய். "வாப்பா, உங்க மருமகன் அனுப்புன டிக்கெட்டு அந்த விலை குறைஞ்ச விமானத்துல இருக்கு. நம்பி ஏறலாமா?" என்று. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். விசாரிக்க அதிகமில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வாய் வரவில்லை. எட்டாவது வரை படித்தவன் எழுதுவது, பிழை இருக்கும். படித்துவிட்டு உன் தம்பிக்கும் கொடு.

உங்கள் உம்மா மௌத்தாகி அடக்கும்போது நான் வந்து முகம் பார்க்கவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னோம். டிக்கெட் கிடைத்தது. நான்தான் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதற்கு என் தொழிலிலிருந்து தொடங்க வேண்டும். துபாய்க்குப் போவதற்கு முன்னால் கீழக்கரையில் மர வள்ளங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து யாராவது பழைய வள்ளம் வாங்கி வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் செய்கிற வேலை, ஒரு வாளி கடல் தண்ணீரை அள்ளி முன்பக்கத்துப் பலகையில் ஊற்றுவது. ஊற்றிவிட்டு வெயில் சாய்ந்து விழும் பக்கமாக நின்று பார்ப்பார்கள். எத்தனை பூச்சு புதிதாக அடித்திருந்தாலும், ஈரத்தில் பழைய பெயரின் எழுத்து மேலே வந்துவிடும். ஆள் செத்த வள்ளத்தை அதே கரையில் யாரும் வாங்க மாட்டார்கள். பெயரை அழித்து, புதுப் பெயர் எழுதி, தூரத்துக் கரையில் விற்றுவிடுவார்கள். அதனால் அடியில் வேறு பெயர் தெரிந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுவோம்.

என் சாச்சா, அதாவது என் வாப்பாவின் தம்பி, அப்படி ஒரு வள்ளம் வாங்கினார். வடக்கே இருந்து வந்தது, நல்ல நீலம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அந்த அவசரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது சாச்சாவும் கூடப் போன மூன்று பேரும் திரும்பவில்லை. பத்து நாள் கழித்து வாலிநோக்கம் கரையில் முன்பக்கத்துப் பலகைத் துண்டு ஒன்று ஒதுங்கியது. நான்தான் போய்த் தூக்கி வந்தேன். நீலம் உரிந்திருந்தது. அதில் இரண்டு பெயர் இருந்தது.

இது நடந்தபோது எனக்கு உன் வயசு.

அப்புறம் துபாய் போனேன். அங்கேயும் படகுப் பட்டறையில்தான் வேலை. உங்கள் மாமா, உம்மாவின் தம்பி, என் கூடவே ஒரே அறையில் இருந்தார். ஒரு விடுமுறைக்கு ஒரு மலிவுக் கம்பெனி விமானத்தில்தான் மதுரையில் வந்து இறங்கினேன். அன்றைக்கு நல்ல மழை. படியில் இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன், ஜன்னலுக்குக் கீழே வெள்ளைப் பூச்சுக்கு அடியில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர். ஈரத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழும்பி நிற்கிறது. இனி இதில் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். உங்கள் உம்மாவிடம்கூடச் சொன்னேன். "மழையில நனைஞ்சுட்டு வந்து உளறாதிய. தலையத் துவட்டுங்க" என்று சிரித்தாள்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு காலை, சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். போன் வந்தது. உம்மா அடுப்படியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை, இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். உனக்குப் பதினொன்று. தம்பிக்கு ஏழு.

மய்யித்தை அடக்காமல் நம்மில் வைத்திருக்கிற வழக்கமில்லை. ஆனாலும் நான் வருவேன் என்று ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் மத்தியானத் தொழுகை லுஹர் வரை பொறுப்பதாக ஜமாஅத்தில் சொன்னார்கள். மிஞ்சிப் போனால் சாயங்காலத் தொழுகை அஸர். அதற்கு மேல் இல்லை.

உங்கள் மாமா ஓடிப்போய் விசாரித்து வந்தார். அன்று மத்தியானம் மதுரைக்கு நேராக ஒரு விமானம், இரண்டு இடம் இருக்கிறது. ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டு வாசலில் இருக்கலாம். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அதே கம்பெனி.

"மாப்ள, அதுல வேணாம்" என்றேன்.

"என்ன மச்சான் சொல்றிய? என் கூடப் பொறந்த லாத்தா அங்கன ஐஸு பெட்டியில கெடக்கு!"

"அது பேரு மாத்துன வண்டி. என் கண்ணால பாத்தேன்."

"அல்லாவே! வள்ளத்துக்குச் சொல்றத விமானத்துக்குச் சொல்லிக்கிட்டு இருக்கிய. தெனமும் பறக்குது மச்சான் அது. நம்ம தெருவுல பாதிப் பேரு அதுலதான் போறான், வாறான்."

"சாச்சாவோட வள்ளமும் ரெண்டு தடவை போயிட்டு வந்துச்சுல்ல."

அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஒங்களுக்குப் பயம்னா பயம்னு சொல்லுங்க. சாச்சாவ ஏன் இழுக்குறிய?" என்றார்.

பயம்தான். ஆனால் என் உயிருக்கு மட்டும் பயந்ததாக நினைக்காதீர்கள். காலையில் உம்மா போய்விட்டாள். ராத்திரி நானும் போய்விட்டால் உங்களுக்கு யார்? அந்த ஒரு கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பேர் போன பெரிய கம்பெனி விமானம் ஒன்று அன்று ராத்திரி சென்னைக்கு இருந்தது. விடியும்போது இறங்கி, கார் பிடித்தால் பத்துப் பதினொரு மணி நேரம். அஸருக்குச் சரியாக வந்துவிடலாம் என்று விரல் விட்டு எண்ணினேன்.

"சரி, நான் போறேன். நீங்க வாரியளா, இல்லையா?" என்று மாமா பையைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"முன்னால போ மாப்ள. பிள்ளைகளப் பாத்துக்க. வந்துர்றேன்."

அந்தப் பெரிய கம்பெனி விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. சென்னையிலிருந்து வரும்போது மாமா போன் செய்துகொண்டே இருந்தார். திருச்சி தாண்டும்போது லுஹர் முடிந்துவிட்டது. "எங்கன வாறிய?" என்று கேட்பார், சொல்வேன், வைத்துவிடுவார். மானாமதுரைக்கு முன்னால் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. டிரைவர் ஒரு இந்துப் பையன், பரமக்குடியில் டீக்கு நிறுத்தட்டுமா என்று கேட்டான். நிறுத்தச் சொன்னேன். இனிமேல் அவசரம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வந்தபோது பொழுது இறங்கி மஃரிப் தொழுகையும் முடிந்திருந்தது. மையவாடியில் உம்மாவை அடக்கிய புதுக் கபுரின் மேல் தெளித்த தண்ணீர்கூட முழுக்கக் காயவில்லை. வீட்டு வாசலில் நீ நின்றாய். "ஏன் வாப்பா லேட்டு?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்தார். "ஒரு டிக்கெட்டுத்தான் இருந்துச்சு புள்ள. வாப்பா என்னைய அனுப்பி வச்சாரு" என்றார். தம்பியின் கையைப் பிடித்து, அடக்கும்போது போடுகிற அந்த மூன்று பிடி மண்ணைப் போட வைத்தவர் அவர்தான். பெயர் மாறிய அந்த விமானத்தில் வந்த மனிதர். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துபாய்க்குத் திரும்பிப் போன பிறகு, அங்கே விமான நிலையத்தில் மெக்கானிக்காக இருக்கும் பரமக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவனை டீக்கடையில் பிடித்து, அந்த எழுத்தைப் பற்றிக் கேட்டேன். வள்ளத்து வழக்கத்தை மட்டும் சொன்னேன், உம்மா கதை அவனுக்குத் தெரியாது. சிரித்துவிட்டான்.

"அண்ணே, பாதி விமானத்தை வாடகைக்குத்தான் எடுப்பாங்க. இன்னைக்கு ஒரு கம்பெனி, நாளைக்கு ஒரு கம்பெனி. பெரிய கம்பெனியிலயும் அப்படித்தான். பேரு மாறுனா ஆளு செத்துச்சுன்னா அர்த்தம்?"

"அப்ப டிக்கெட்டு ஏன் அவ்வளவு மலிவு?"

"சோறு கிடையாது, காலு நீட்ட எடம் கிடையாது, பெட்டிக்குத் தனிக் காசு. அங்கனதான் மிச்சம் பிடிக்கிறான். எந்தச் சாமானை எப்ப கழட்டிப் பாத்தோம், எவன் பாத்தான்னு கையெழுத்துப் போட்டு எழுதி வைக்கணும்ணே. எல்லாரும் யோக்கியம்னு சொல்ல மாட்டேன். ஆனா கீழ நின்னு பெயிண்டைப் பாத்து நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவனிடம் பிறகு ஒருநாள் போய், அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் எதைத்தான் பார்ப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண்டிப்பான நாடுகள் அந்தக் கம்பெனியைத் தங்கள் ஊரில் இறங்கக் கூடாது என்று தடுத்து வைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் போனிலேயே கிடைக்கும். முன்னால் விபத்து ஏதும் நடந்ததா, நடந்திருந்தால் அதற்கப்புறம் எதைத் திருத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் நிற்கிறது, சாமான் வாங்க முடியாமல் விமானங்கள் சும்மா நிற்கின்றன என்று செய்தி வந்தால் யோசிக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஆபத்தே வராது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். நம் தெருவிலிருந்து இராமநாதபுரத்துக்கு மினிபஸ்ஸில் போவதற்கும் யாரும் எழுதித் தரவில்லை.

நீ போகிற கம்பெனியைத் தம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்த நாடும் தடுத்து வைக்கவில்லை. அப்படிச் செய்தியும் இல்லை. இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். "எதுக்கு வாப்பா இம்புட்டு?" என்றான். இந்தக் காகிதத்தைப் படித்தால் அவனுக்குத் தெரியும்.

ஏறிப் போ மகளே. மதுரைக்கு வழியனுப்ப வருவேன். கம்பி வேலிக்கு வெளியே நின்று விமானத்தின் பக்கவாட்டையே நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுகொள்ளாதே. தப்பு என்று தெரிந்த பிறகும் என் கண் அங்கேதான் போகிறது.

இன்னொன்று. ஒருநாள் என்னைப் பற்றி உனக்கு அப்படி ஒரு போன் வரும். அன்றைக்கு முதலில் கிளம்புகிற விமானம் எதுவோ அதில் ஏறி வா. என்ன பெயர் என்று பார்க்காதே.