தட்டு மாற்றும் கை

அந்த யோசனை வந்தபோது என் முன்னால் மேசையில் மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் கூம்புகள் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பக்கவாதத்தில் தளர்ந்த வலது கைக்கு அன்றைய பயிற்சி அதுதான். எதிரில் இருந்தவர் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். கடைசிக் கூம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“ஏம் பாப்பா, இதை அடுக்கிப் பழகி நான் என்ன சர்க்கஸ்லயா சேரப்போறேன்?”

பின்னால் நின்ற அவர் மனைவி பதறிப்போனார். “கோவிச்சுக்காதீங்க மேடம். அடுத்த மாசம் மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கோம். இவருக்குக் கை இப்படி இருக்குல்ல, தட்டு மாத்த இவரு தம்பியும் தம்பி பொண்டாட்டியும் நிக்கட்டும்னு பேசி முடிச்சிட்டாக. அதுலருந்து மனசே சரியில்ல.”

“யாரு பேசி முடிச்சது? என்னையவா கேட்டீக?” கூம்பு மேசையில் உருண்டது.

தட்டு! எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. தோள் உயர வேண்டும், முழங்கை நீள வேண்டும், மணிக்கட்டு நிமிர வேண்டும், இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கூம்புகளிடம் நான் கெஞ்சிக்கொண்டிருந்த எல்லாமே ஒரு தட்டில் இருந்தது. எழுந்து கேன்டீனுக்கு ஓடினேன். டீ கொண்டுவரும் எவர்சில்வர் தட்டை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் காலுக்கு ஒரு சார், கைக்கு ஒரு மேடம். நோயாளிகளுக்கு எங்களை அவ்வளவுதான் தெரியும். அந்தக் கால் சார் பிசியோதெரபிஸ்ட். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் செய்துவந்த காரியங்களை மறுபடி அவரே செய்யும்படி ஆக்குவது என் வேலை. பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள்தான் வேலைக்கு வந்து கூம்பு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் துறைத் தலைவிக்கு இது பிடிக்கவில்லை. “சாப்பிடுறது, குளிக்கிறது, சட்டை போடுறது எல்லாத்தையும் விட்டுட்டுத் தட்டு மாத்துறதா? வாழ்க்கையில ஒரு தடவை செய்யுற காரியம்மா அது.”

“அந்த ஒரு தடவைக்காகத்தான் மேடம் அவரு கையையே தூக்குறாரு” என்றேன். பார்க்கலாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

முதலில் வெறும் தட்டு. அவருடைய உள்ளங்கை மேல்நோக்கித் திரும்ப மறுத்தது. தட்டு வலப்பக்கம் சரிந்துகொண்டே போனது. தட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். கை சரிந்தால் பழம் உருளும். நான் வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை. பழம் ஓடும்போதெல்லாம் மனைவியின் கை தானாகத் தட்டுக்கு அடியில் நுழையும்.

“தாங்காதீங்கம்மா.”

“விழுந்திருமே மேடம்!”

“விழட்டும்.”

“இவ இப்படித்தான் பாப்பா. நான் தும்முறதுக்கு முன்னாடியே மூக்கைத் தொடைச்சு விடுவா” என்றார் அவர்.

ஒருவழியாகப் பழம் நின்றது. பிறகு வாழைப்பழச் சீப்பு, பிறகு அவர் கொடிக்கால் வெற்றிலை, கடைசியாகத் தேங்காய். என்னைச் சம்பந்தியம்மா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தம்பியிடம் “நான்தான் நிக்கப்போறேன்” என்று சொல்லியும் விட்டார். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

நிச்சயத்துக்குச் சில நாளே இருக்கும்போது கடைசி ஒத்திகை பார்த்தோம். கால் சார் மாப்பிள்ளையின் அப்பாவாக வந்து நின்றார். தோளில் ஆஸ்பத்திரித் துண்டு. கொடுத்த தட்டை அழகாக வாங்கிக்கொண்டு அதட்டினார்:

“என்ன சம்பந்தி, எங்க வீட்டுத் தட்டை யாரு வாங்குவா? நாங்க என்ன வெறுங்கையோடயா வந்திருக்கோம்?”

எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கொடுப்பதை மட்டுமே பழக்கியிருந்தேன்! இத்தனை நிச்சயங்களில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தவள், கொடுத்த கை உடனே வாங்கவும் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. மூடிய விரல்களைத் திறப்பதுதான் அவருக்கு ஆகக் கடினம். மெதுவாக, ஒவ்வொன்றாகத் திறக்கும். செய்து பார்த்தோம். அவர் விரல் விரிவதற்குள் சம்பந்தி வீட்டுத் தேங்காய் தரையில் உருண்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “தம்பியவே நிக்கச் சொல்லிருவோம்.”

விரலை வேகப்படுத்த நாள் இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டியது எதிரில் தட்டு நீட்டும் கை. “ஐயா, உங்க சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.”

“கை வெளங்கலைன்னு என் வாயாலயே சொல்லணுமாக்கும்?”

மனைவி குனிந்து தேங்காயைப் பொறுக்குவதைப் பார்த்தார். அப்புறம் மனைவியிடம் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். “சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். குடுத்ததுக்கப்புறம் என் கை தொறக்கக் கொஞ்சம் நேரமாகும். நீங்க வெரசா நீட்டிப்புடாதீக.”

அந்தப் பக்கமிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. “அட, இதுக்கா இம்புட்டு இழுத்தீக? நல்ல நேரம் ஒண்ணரை மணி நேரம் இருக்கு சம்பந்தி. மெதுவாத் தொறங்க. வேற என்ன சோலி நமக்கு?”

போனை வைத்துவிட்டு அவர் சிரித்தபோது வாயின் வலது ஓரமும் கொஞ்சம் ஏறியது.

நிச்சயத்தன்று பஸ் பிடித்துப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். தட்டு போனது, எலுமிச்சம்பழம் ஒரு விரற்கடை உருண்டு நின்றது. எதிரே மாப்பிள்ளையின் அப்பா தன் தட்டை மார்போடு அணைத்து, கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். யாரும் இருமக்கூட இல்லை. விரல்கள் திறந்தன. தட்டு வந்து அமர்ந்தது. மனைவியின் கை அடியில் போகத் துடித்ததைப் பார்த்தேன், போகவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

பந்தியில் அவரைக் காணோம். தேடினால், வரிசை ஓரம் நின்று எல்லாரையும் “சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்று உபசரித்துக்கொண்டிருந்தார். தனக்கு இலை போடச் சொல்லவில்லை. சம்பந்திக்கு முன்னால் இடது கையால் சாப்பிடவும் முடியாது, மனைவியை ஊட்டிவிடச் சொல்லவும் முடியாது. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“ஆவணியில கல்யாணம் பாப்பா. சம்பந்தி பக்கத்துல இலை போட்டு ஒக்காரணும்.”

துறைத் தலைவி சொன்ன சாப்பாடு, இப்போது அவர் வாயிலிருந்தே வந்திருக்கிறது. திங்கட்கிழமை வாழை இலையோடு போகிறேன். கேன்டீனில் சொல்லி வைத்தாயிற்று. முதலில் இட்லி, பிறகு கெட்டியான தயிர்ச்சோறு, பிறகு சாம்பார். இந்தத் தடவை இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பதிலிருந்து, முடிந்ததும் மடிப்பது வரை ஒவ்வொன்றாக வலது கையின் வேலை எதுவும் விட்டுப்போகாதபடி நானே இடது கையைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ரசம் மட்டும் இலையை விட்டு ஓடுகிறது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.