என்னை லோஞ்சில் கண்ட அனானி

டீசல், கருவாடு, முன்னால் இருப்பவரின் தலையிலிருந்து வழியும் நல்லெண்ணெய்... இந்த மூன்று வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இப்போதும் வயிறு புரளும். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போன பழைய லோஞ்சின், அந்த மோட்டார்ப் படகின், அடித்தட்டு அது.

சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லிக்கொண்ட அந்தக் கொஞ்சக் காலம். யாழ்ப்பாண ரவுணில் (பட்டினத்தை அப்படித்தான் சொல்வோம்) ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் நான் ரீச்சர். வாரநாளில் சின்னம்மா வீடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் லோஞ்ச் ஏறி நெடுந்தீவு, அப்பா வீடு.

வகுப்பு முடிந்ததும் அங்கிருந்த ஒரேயொரு இன்டர்நெட் மெஷினில் இரகசியமாக வலைப்பதிவு எழுதினேன். கவிதை இல்லை, பயப்படாதீர்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன செய்வது, டெம்ப்ளேட்டை எப்படி மாற்றுவது... இப்படி. வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருத்தி நான்.

பெயர் போடவில்லை, படம் போடவில்லை. வெறும் ‘தீவுக்காரி’.

ஒருநாள், தமிழ்க் கணினி ஆட்கள் கொண்டாடும் ஒரு பெரியவர் போட்ட டெம்ப்ளேட்டில் ஒரு வரி பிழை என்று எழுதிவிட்டேன். அந்த மனிசன் நன்றி சொல்லித் திருத்திவிட்டார். அவருடைய பக்தர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

“போய்ச் சமை.” “இவ்வளவு தெரியுதென்றால் இது பெண் பெயரில் எழுதும் ஆண்.” “அண்ணன்காரன் எழுதிக் கொடுக்கிறான்.” “படம் போடு, நம்புகிறோம்.”

எனக்கு அண்ணனே இல்லை. இருந்திருந்தால் அவனுக்கும் நான்தான் டெம்ப்ளேட் செய்து கொடுத்திருப்பேன்.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு வந்தது ஒரு பின்னூட்டம். பெயர் இல்லாத அனானி.

“வெள்ளிக்கிழமை உன்னை நெடுந்தீவு லோஞ்சில் பார்த்தேன். மேல்தட்டில் நின்றாய். கடற்காற்றில் கூந்தல் பறக்க, அலைகளைப் பார்த்துப் புன்னகைத்தாய். பதிவை மூடு. இல்லாவிட்டால் நீ எழுதியதையெல்லாம் பிரிண்ட் எடுத்து உன் அப்பாவிடம் கொடுப்பேன்.”

சட்டென்று திரையை அணைத்தேன். அப்பாவுக்கு இன்டர்நெட் என்றால் கெட்ட படம், அவ்வளவுதான். முகம் தெரியாத ஒருவன் கொண்டுபோய்க் கொடுத்தால் ரவுண் வேலை முடிந்தது. அடுத்த லோஞ்சில் ஊருக்குப் போய் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

‘பார்த்தேன்’ என்ற சொல்லோடு என் மூளை நின்றுவிட்டது. (உண்மையைச் சொன்னால் அந்தக் கூந்தல் வரி கொஞ்சம் பிடித்தும் இருந்தது. வெட்கம்கெட்ட மனம்.)

அந்த வெள்ளிக்கிழமை லோஞ்ச் ஏறும்போது ஒவ்வொரு ஆம்பிளையையும் சந்தேகப்பட்டேன். தபால்கார அண்ணை சிரித்தார்... இவர்தான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் சிரிக்கவில்லை... நிச்சயமாக இவர்தான். பாவம், பள்ளிக்கூட அதிபரைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை பதிவை அழிக்கிற இடம்வரை போய்விட்டேன். “உறுதியாக அழிக்கவா?” என்று திரை கேட்டுக்கொண்டு நிற்கிறது. பின்னால் ரீற்றா அக்கா. அதே வகுப்பில் ரைப்பிங் படிப்பிப்பவ. எங்கள் ஊர், என் லோஞ்ச்துணை.

“என்ன பிள்ளை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?”

எல்லாவற்றையும் கொட்டினேன். அவ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னூட்டத்தை வாசித்தா. இரண்டாம் தரமும் வாசித்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா பாருங்கள், கதிரை கிறீச்சிட்டது.

“பிள்ளை, இவன் எங்கட லோஞ்சைக் கண்ணாலையும் கண்டிருக்க மாட்டான்!”

“வெள்ளிக்கிழமை எண்டு சரியாச் சொல்லுறானே அக்கா?”

“வெள்ளிக்கிழமையிலை நெடுந்தீவு லோஞ்ச் ஏறுறனான் எண்டு நீர்தானே முந்திப் பதிவிலை எழுதினனீர்! இப்பதானே உம்மடை வாயாலை சொன்னனீர்? மேல்தட்டாம்! பொம்பிளையளை ஆர் மேலை ஏத்துறது? அவன் சொல்லுற வெள்ளிக்கிழமை, வெளிக்கிட்ட நேரந்தொட்டு நீர் என்ரை மடியிலை கிடந்து சொப்பிங் பைக்குள்ளை சத்தி எடுத்தனீர். புன்னகையாம்! கூந்தலாம்! அந்தக் கூந்தலை நான்தான் சத்தி படாமல் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.”

அப்பாடா...

வாந்தி எடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். லோஞ்சில் யாரும் என்னை வேவு பார்க்கவில்லை. தபால்கார அண்ணை தபால்கார அண்ணைதான். அனானி எங்கேயோ ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டு சினிமாக் கடல் பார்த்திருக்கிறான்.

அழிக்கவில்லை. ரீற்றா அக்கா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பதில் போட்டேன்: “அண்ணை, நீங்கள் கண்டது வேறு யாரையோ. நான் கீழே பையும் கையுமாக இருந்தேன். அடுத்த வெள்ளி வாருங்கள், பை பிடிக்க ஆள் தேவை.”

அனானி அதற்குப் பிறகு வரவேயில்லை.

ஆனாலும் ஒரு முள் இருந்தது. அப்பாவிடம் கொடுப்பேன் என்று யாரோ இன்னொருவன் நாளைக்குச் சொல்லலாமே? அடுத்த வெள்ளி நானே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பத்திரமாக, மற்றப் பையில்.

அப்பா வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்து முழுவதும் வாசித்தார். நான் லோஞ்ச் பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“ஒண்டும் விளங்கேல்லை,” என்றார். “நீதான் எழுதினனியோ?”

“ஓம் அப்பா.”

“எல்லாத்தையுமோ?”

“ஓம்.”

தாளை நாலாக மடித்து சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் சங்கக்கடையில் மனேஜருக்கு வாசித்துக் காட்டினாராம். அந்த மனேஜர் அன்றைக்கும் சிரிக்கவில்லையாம்.

அந்த நாளில் என்னைப்போல எழுதிய இன்னொருத்தி இருந்தாள். அவளுக்கும் இப்படி வந்தது. அவளுக்குப் பக்கத்தில் ரீற்றா அக்கா இருக்கவில்லை போல. என் வலைப்பதிவின் ஓரத்தில் அவளுடைய இணைப்பை இன்னும் வைத்திருக்கிறேன். தட்டினால் வெறும் வெள்ளைப் பக்கம்.

இப்போது நெடுந்தீவு போட்டில் ஒழுங்கான இருக்கை இருக்கிறது, என் சத்தி மட்டும் நிற்கவில்லை. நான் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு எழுதுகிறேன். அனானிகளும் வளர்ந்துவிட்டார்கள், சிலர் சொந்தப் பெயரிலேயே திட்டுகிறார்கள். பெருவிரலால் ஒரு தட்டு, ஆள் பிளொக். முடிந்தது.

போன மாதம் ஒருவர் இன்பொக்ஸில் வந்தார். “உங்களை நெடுந்தீவு போட்டில் பார்த்தேன் மேடம்.”

முன்பென்றால் அழிக்கிற இடம்வரை போயிருப்பேன்.

“பை என்ன நிறம்?” என்று கேட்டேன்.

“நீலம் மேடம். நான்தான் எடுத்துத் தந்தனான்.”

இவர் உண்மையாகவே பார்த்தவர். நண்பராகச் சேர்த்துக்கொண்டேன்.