அச்சில் ஏறிய மாப்பிள்ளை முகம்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் கட்டைக்காரர். பத்திரிகைக்கு வேண்டிய படங்களை மரக்கட்டையில் செதுக்கித் தருவது அவர் வேலை. பெரிய கலைஞர் என்று சொன்னால் அது மிகை. அவர் செதுக்கும் குதிரைகள் நாயின் காலோடுதான் ஓடும். மனித முகம் மட்டும் அவர் உளிக்கு எப்படியோ வசப்பட்டிருந்தது.

கடலுக்கு அப்பாலிருந்து அந்த நாட்டை ஆண்ட அரசு காகிதத்தின்மேல் வரி போட்டது. திருமணப் பத்திரம், கடை உரிமம், பத்திரிகை, விளையாடும் சீட்டுக்கட்டு எதுவானாலும் முத்திரை குத்திய காகிதத்தில்தான் இருக்க வேண்டும். ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் போட்ட வரி. அந்தக் காகிதத்தை விற்கும் அதிகாரியாக நியமனம் பெற்றவர் கட்டைக்காரரின் தங்கை புருஷன். அரசாங்க வேலை என்றதும் மனுஷன் முன்பின் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

அச்சகத்தின் முதலாளிக்கு வயிற்றில் அடி. சும்மா இருப்பாரா? அடுத்து மூச்சு விடுவதற்கும் வரி வரப்போகிறது என்று பெரிய எழுத்தில் போட்டார்.

"மூச்சுக்கு வரின்னு யாருங்க சொன்னது?" என்று கட்டைக்காரர் கேட்டார்.

"இன்னிக்குச் சொல்லலேன்னா நாளைக்குச் சொல்லுவான். நாம கொஞ்சம் முந்திக்கிட்டோம், அவ்வளவுதான். நீங்க ஒரு முத்திரைக்காரனைச் செதுக்குங்க. பாத்தாலே பத்திக்கிட்டு வரணும். யாரோட சாடையும் வேணாம், பொதுவா ஒரு பேராசைக்காரன்."

பொதுவான பேராசைக்காரன் என்று ஒருவன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? கை தனக்குப் பழகிய முகத்தைத் தேடித்தான் போகும். அதிலும் கட்டையில் எல்லாம் இடவலம் மாறியிருக்கும். செதுக்குகிறவர் பார்ப்பது வெறும் கோடுகளை. திரும்பிக் கிடந்த அந்த முகம் கட்டைக்காரருக்கு யாரையும் நினைவூட்டவில்லை. அச்செடுத்துப் பார்க்கும்வரை காத்திருப்பது அவர் வழக்கம். அன்று அவசரம் என்று முதலாளி கட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை கடைத்தெருச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. எப்போதும் ஏறியே நிற்கும் ஒற்றைப் புருவம். அச்சு அசல் மாப்பிள்ளை! தாளைச் சுற்றி நின்றவர்கள் கையில் கல் இருந்தது. "இந்த மூஞ்சிய எனக்குத் தெரியும்டா" என்றார் முன்னால் நின்ற பீப்பாய்க்காரர்.

கட்டைக்காரர் ஓடினார்.

தங்கை கதவைத் திறந்தாள். அவள் கையிலும் அதே தாள். "அண்ணே, எந்தப் படுபாவி இதைச் செதுக்கினான்?"

"நான்தான்மா."

"நீயா?"

"சத்தியமா வேணும்னு செய்யல. கட்டையில பாத்தப்போ வேற யாரோ மாதிரி இருந்தாரு."

கூடத்தில், பிரிக்காத முத்திரைக் காகிதக் கட்டுகளின்மேல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். "மச்சான், என் மூக்கு நெஜமாவே இவ்வளவு கோணலா?"

"மாப்ளே, அதைப் பேசுற நேரமா இது? கல்லோட வராங்க. வேலையை விட்டுட்டேன்னு சொல்லிடுங்க."

"நானா விட்டா அரசாங்கத்துக்குத் துரோகின்னு உள்ளே தள்ளிடுவான். விடாட்டி இவங்க தள்ளுவாங்க." சட்டென்று அந்தப் புருவம் இன்னும் மேலே ஏறியது. "ஆமா, மிரட்டத்தானே வராங்க?"

ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. மாப்பிள்ளை மாடிக்கு ஓடி ஜன்னலைத் திறந்தார்.

"யோவ், இது ஒரு மிரட்டலா? இன்னும் சத்தமா மிரட்டுங்கய்யா! துறைமுகத்துல இருக்கிற ஆளுநருக்குக் கேக்க வேணாமா?"

கூட்டம் திகைத்தது. பீப்பாய்க்காரர் சற்று யோசித்துவிட்டு, "வேலையை விடலேன்னா வீட்டைக் கொளுத்துவோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"ஐயோ, விட்டுட்டேன்! உயிருக்குப் பயந்து விட்டுட்டேன், எல்லாரும் சாட்சி!"

கூடத்திலிருந்த காகிதக் கட்டுகள் உடைந்த ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. தெருவிலேயே கொளுத்தினார்கள். கல் வைத்திருந்த கைகளே மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துத் தெருவைச் சுற்றி வந்தன.

கட்டைக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். தங்கை வீடு தப்பிவிட்டது. ஒரு முகத்தை வெறுக்கவும் கொண்டாடவும் இவர்களுக்கு ஒரே காலைப்பொழுது போதுமானதாக இருந்தது என்பது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. வரி மெய். மூச்சு வரி பொய். மெய் பல நாள் முணுமுணுக்க வைத்தது, பொய் ஒரே நாளில் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டது. வரி வேண்டாம் என்று வந்த கூட்டம், திரும்பும்போது கடலுக்கு அப்பாலிருந்து ஆள ஒரு ராஜாவே வேண்டாம் என்று கத்திக்கொண்டு போனது. அந்தப் பேச்சை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். தப்பென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

முதலாளி மூச்சிரைக்க வந்தார். "பிரமாதம்! அதே முகம், கொஞ்சம் வீரமா ஒண்ணு செதுக்கிக் குடுங்க."

"வேற ஆளைப் பாருங்க. என் குடும்பத்துல இனிமே யாரும் அச்சுல ஏற மாட்டாங்க."

மத்தியானம் மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போனார். சோற்றுக் கை தட்டிலேயே இருந்தது.

"வேலை கிடைச்ச நாள்லேருந்து இந்த மனுஷன் கண்ணை மூடலண்ணே" என்றாள் தங்கை.

"எழுப்பாதே" என்றார் கட்டைக்காரர்.