கள்ளுக்கடைக்கு நீலப் பெயிண்ட்

ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் பஸ் நிற்கிறது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றக் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய கூட்டம் நாங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் ஆளுக்கொரு கிளாஸ் பீர் உண்டு. துரை பங்களாவிலேயே பாதிப் பேருக்குத் தூண்கள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன.

அடுத்தது, எப்போதோ மூடிப்போன கள்ளுக்கடை. பாசி படிந்த சுவரைப் பார்க்க வந்தால், எங்கும் பளிச்சென்று நீலப் பெயிண்ட். வாசலில் வாழைமரம் வேறு.

"பெரிய மனுசங்க வராங்கன்னு சொன்னாங்க. அழுக்கா விடலாமா? நேத்துதான் அடிச்சோம் லா" என்கிறார் எஸ்டேட் மண்டோர் வேலு, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி.

எங்கள் தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார். பிறகு எதிரே எதையோ பார்த்து எழுந்து ஓடுகிறார். கறுத்த பலகைச் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை.

"அற்புதம். இதில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாதென்று இன்றைக்கே எஸ்டேட் ஆபீசில் சொல்கிறேன்" என்று கிளாஸை உயர்த்துகிறார். நாங்களும் உயர்த்துகிறோம்.

"ஐயா, அது என் வீடு. ஒழுகுதுன்னு தகரம் மாத்தக் கேட்டிருக்கேன்" என்கிறார் வேலு.

தலைவர் காதில் விழவில்லை. பலகையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

வேலு போய், மீந்த பெயிண்ட் டின்னோடு வருகிறார். தலைவரின் கைக்குப் பக்கத்திலிருந்தே நீலம் அடிக்க ஆரம்பிக்கிறார்.