தூசி நீக்கப் போய் அக்காவை அழித்தேன்

பரவையில் இருக்கும் என் அக்காவுக்குப் புற்றுநோய் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தின நாள். "முடி கொட்டுறதுக்குள்ள ஒரு போட்டோ எடுடா தம்பி. கருப்பு வெள்ளையில எடு, அதுலதான் நான் அழகு" என்றாள். கலர் லேபில் கழுவக்கூடிய கருப்பு வெள்ளை பிலிமும் கிடைக்கும். கூந்தலின் கருமைக்காக, வெள்ளித் துகள்கள் உள்ள பழைய வகையையே வாங்கினேன்.

பிலிம் கழுவி வருவதற்குள் அக்காவுக்கு முடி கொட்டிவிட்டது. நெகட்டிவை வீட்டில் நானே ஸ்கேன் செய்தேன். எனக்கு எதிலும் தூசி ஆகாது. ஸ்கேனரில் தூசி நீக்கும் வசதியை மறக்காமல் போட்டேன். திரையில் அக்காவின் கண்கள் கரைந்திருந்தன. கூந்தல் திட்டுத்திட்டாக அழிந்திருந்தது. இனி எடுக்கவும் வழியில்லை. அவளிடம் சொல்லத் துணிவில்லாமல் மூன்று நாள் கழிந்தது.

கடைசியில், பிலிம் கழுவித் தந்த கடைக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"தூசி நீக்குறதப் போட்டு வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"ஆமா, அதப் போடாம எப்படி?"

அவர் சிரித்துவிட்டார். "வெள்ளி பிலிமுக்கு அது ஆகாதுண்ணே. படத்துல இருக்குற வெள்ளியையே தூசின்னு நெனச்சு அழிச்சுப்புடும். நெகட்டிவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. தூசி நீக்குறத அணைச்சுட்டு மறுபடி ஸ்கேன் ஓட்டுங்க."

ஓட்டினேன். அக்கா முழுதாக வந்தாள், ஒவ்வொரு முடியோடும். பிரிண்ட் போட்டு அவளிடம் கொண்டுபோனேன்.

பிரிண்டைப் பார்த்தவள், "எம்புட்டு முடிடா எனக்கு!" என்றாள். பிறகு, "நெத்தியில என்னடா புள்ளி?"

"தூசிக்கா. சரி பண்ணித் தாரேன்."

"கெடக்கட்டும், போடா."

இப்போது அவளுக்கு முடி மறுபடி வளர்ந்துவிட்டது. அந்தப் புள்ளியை நான் இன்னும் எடுக்கவில்லை.