அம்மா எண்ணிய நொடிகள்

இருட்டிய பிறகு அம்பத்தூரைப் படம் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பகல்ல இல்லாத எது ராத்திரில அங்க இருக்கு?"

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா, தன் பழைய கேமராவையும் அதை நிறுத்தி வைக்கும் மூன்று கால் ஸ்டாண்டையும் எனக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். வேலை முடிந்து ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம், சிக்னல் வெளிச்சம் பட்டுத் தண்டவாளங்கள் பச்சையும் சிவப்புமாக மின்னுவதைப் பார்த்து நின்றுவிடுவேன். அதைத்தான் எடுக்க ஆசைப்பட்டேன்.

"தனியா எல்லாம் அனுப்ப முடியாது" என்றார் அப்பா.

"யாரு தனியா அனுப்பச் சொன்னா? நான் கூடப் போறேன்" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொல்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பாலத்தின் நடுவில் ஸ்டாண்டை விரித்தேன். இருட்டில் எடுக்கும் படத்துக்குக் கேமராவின் கண்ணைப் பல நொடிகள் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் கைக்கடிகார முள் தெரியவில்லை. "நான் எண்ணட்டுமா?" என்று அம்மா கேட்டாள். நான் கேமராவிலிருந்து நீண்ட கம்பியின் நுனியில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடிக்க, அவள் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணினாள். போகிறவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அம்மா முதலில் சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள். பத்தாவது படத்துக்குள் அதை மறந்துவிட்டாள்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. விளக்கெல்லாம் புழு மாதிரி நெளிந்திருந்தது. ஸ்டாண்டு உறுதியாகத்தான் இருந்தது, எங்கே தப்பு செய்தேன் என்று புரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடுத்த சனிக்கிழமை போவோம்" என்றாள் அம்மா.

அடுத்த முறை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார். "இன்னாம்மா இது? ஸ்டேஷன்ல போட்டோ எடுக்க பர்மிஷன் கீதா?"

அம்மா முன்னால் வந்தாள். "தப்புன்னா இப்பவே மடிச்சிடுறோம் சார். போன வாரம் எடுத்ததெல்லாம் ஆடிப்போச்சு. புள்ள ஒரு வாரமா சரியாச் சாப்பிடல."

அவர் கேமராவின் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு பாலத்தைக் காலால் தட்டிக் காட்டினார்.

"ஜனம் நடந்தா இது ஆடும்மா. நடுவுல வெச்சா இன்னா ஆவும்? அந்தாண்ட தூணு கீது பாரு, அதுக்கு நேர் மேல வெச்சுக்கோ. எட்டு மணிக்குள்ள முடிச்சுக்கினு கெளம்புங்க."

தூணுக்கு மேலே நகர்த்தி வைத்தோம். மின்சார ரயில் உள்ளே வந்து நின்றது, கூட்டம் இறங்கியது, ரயில் கிளம்பிப் போனது. அதுவரை அம்மா எண்ணிக்கொண்டே இருந்தாள்.

இந்த முறை படம் விழுந்திருந்தது! ஸ்டூடியோக்காரர் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை செகண்ட் வெச்சீங்க?" என்று கேட்டார். நாற்பது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவை எண்ணச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளுடைய நாற்பது, அறுபது நொடிக்கு மேல் போனது. அந்தக் கூடுதல் நேரம்தான் இருட்டை நீலமாகத் துலக்கியிருந்தது.

அம்மா படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். "அவ்வளவு கூட்டம் இறங்கிச்சே, எல்லாரும் எங்கடி?"

"நடந்தவங்க யாரும் விழ மாட்டாங்கம்மா. அசையாம இருந்தவங்க மட்டும்தான் விழுவாங்க."

ரயில், நின்ற நேரத்துக்குப் புகை மாதிரி மங்கலாகவும், ஓடிய நேரத்துக்கு ஒரு மஞ்சள் கோடாகவும் விழுந்திருந்தது. பிளாட்பாரம் காலி. பெஞ்சில் காய்க்கூடையோடு கண்ணயர்ந்த ஒரு பெண் மட்டும் தெளிவாக இருந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு எப்படி விழும்?" என்று கேட்டாள்.

அங்கே போனபோது பொத்தானை அம்மாவிடம் கொடுத்தேன். எண்ணுவதும் அவள்தான், அழுத்துவதும் அவள்தான். பேருந்துகளின் விளக்குகள் கோடுகோடாகச் சுற்றி வளைய, நடுவில் ஒரு பூக்கடை பல்பு வெளிச்சத்தில் அப்படியே நின்றது. என் படங்கள் எதிலும் அந்த அழகு இல்லை. கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

யாரும் சொல்லாமலேயே அப்பா அந்தப் பூக்கடைப் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, நெடுநேரம் பார்த்தபடி நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம் நின்னீங்க?" என்று கேட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் படத்துக்கு வெளியே சுவரில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.